எனக்கு ஓட்டுப் போடாதீர்கள்

எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் எங்கள் ஊர்க்காரர்களைப் போல மீதிக் கதையை வேறு கண்ணால் படிக்கத் தொடங்கிவிடுவீர்கள். எங்கள் மாவட்டத்தில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று எப்போதும் ஜெயிக்கும், இன்னொன்று எப்போதும் வருத்தப்படும். நான் ஜெயிக்கிற கட்சி. அது தெரிந்தால் போதும்.

மிச்சிகனில் எங்கள் பக்கம் வடிகால் ஆணையர் என்று ஒரு பதவி இருக்கிறது. வாய்க்கால்களைத் தூர்வார வேண்டும், பீவர் என்கிற நீர்விலங்குகள் குறுக்கே கட்டுகிற அணைகளைப் பிரித்துவிட வேண்டும், பனி உருகும்போது யார் வீட்டு நிலவறைக்குள்ளும் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கும் தேர்தல் உண்டு, இதற்கும் கட்சி உண்டு. தண்ணீர் எந்தக் கட்சி என்று மட்டும்தான் இன்னும் யாரும் கேட்கவில்லை.

அந்த வேலையைப் பல வருடமாகப் பார்த்து வந்தவள் மார்லிஸ் டைக்ஹவுஸ். என்னோடு பள்ளியில் படித்தவள். வருத்தப்படுகிற கட்சி. பழைய ஆணையர் பதவியிலிருக்கும்போதே இறந்துபோக, அவருக்கு உதவியாளராக இருந்தவள் அந்த நாற்காலிக்கு வந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்தலிலும் அவளை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. முழங்கால் சேற்றில் நிற்கிற உத்தியோகத்துக்கு யார் அடித்துக்கொள்வார்கள்? அவள் கணவன் பாலுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு மார்லிஸின் வேலையோடு வருவது. இது ஊருக்கே தெரியும். எங்கள் தேவாலயத்துப் பெண்கள் முறைவைத்துக்கொண்டு பாலை மருத்துவமனைக்கு வண்டியில் அழைத்துப்போய் வருகிறார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கல்நெஞ்சர்கள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் புல்வெட்டும் இயந்திரங்களையும் பனி தள்ளும் இயந்திரங்களையும் பழுதுபார்க்கிற கடை. ஏப்ரலில் ஒருநாள் எங்கள் கட்சியின் மாவட்டத் தலைவர் ரஸ் டூபர்கன், ஓடாத இயந்திரம் ஒன்றையும் ஒரு தாளையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"வெண்டெல், இதுல ஒரு கையெழுத்துப் போடுப்பா. வடிகாலுக்கு நம்ம பக்கம் ஆளே இல்ல. ஓட்டுச் சீட்டுல அந்த எடம் மட்டும் காலியாக் கெடந்தா, பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு."

"மார்லிஸ் இருக்காளே."

"இருக்கட்டும். அவள யாரு தோக்கடிக்க முடியும்? நீ பேருக்கு நில்லு. ஒரு கூட்டத்துக்குக்கூட வர வேண்டாம்."

கையில் கிரீஸோடு கையெழுத்துப் போட்டேன். அவர் இயந்திரத்தில் அடைப்பு எடுத்துக் கொடுத்ததும் அதை மறந்தும் போனேன்.

ஆகஸ்டில் ஒரு மாலை, வேகவைத்த சோளக்கதிரை வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருந்தோம். என் மனைவி ஜனெல் திடீரென்று கதிரைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, இந்த மாவட்டத்துல மார்லிஸ் இத்தன வருஷம் எப்படி ஜெயிச்சா?"

"நல்லா வேல செய்றா, ஜெயிச்சா."

"மண்ணாங்கட்டி. எதுத்து யாருமே இல்ல, அதனால ஜெயிச்சா. இப்போ நீங்க இருக்கீங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வாக்குச்சீட்டின் உச்சியில் கட்சிகளின் பெயர் இருக்கும். அதில் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும், கீழே அந்தக் கட்சி நிறுத்தியிருக்கிற எல்லோருக்கும் ஓட்டு விழுந்துவிடும். ஊரில் பாதிக்கு மேல் அப்படிப் போடுகிறவர்கள்தான். ஒரு வட்டம், ஓட்டுப் போட்டாயிற்று என்று சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர், வீட்டுக்குப் போய்விடலாம். இத்தனை வருடமும் வடிகால் என்ற வரியில் எங்கள் கட்சி ஆள் இல்லாததால் அந்த ஓட்டுகள் அங்கே யாருக்கும் விழாமல் போயின. தேடிப்பிடித்து மார்லிஸ் பெயருக்கு நேரே வட்டமிட்ட கொஞ்சம் பேர் அவளை ஜெயிக்க வைத்தார்கள். இந்த முறை அந்தக் காலியிடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் தேர்தல் அலுவலகத்துக்குப் போன் செய்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். அதற்கான கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்றாள் அங்கிருந்த பெண்.

"வேற வழியே இல்லையாம்மா?"

"நீங்க செத்துட்டா ஏதாவது பாக்கலாம் சார்."

அது கொஞ்சம் அதிகம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்லிஸைத் தேடிப் போனேன். தாழ்வான வயல்களுக்கு நடுவே ஓடுகிற வாய்க்காலின் கரையில் ரப்பர் பூட்ஸோடு நின்றுகொண்டிருந்தாள். பொக்லைனில் கிர்க் மண் அள்ளிக்கொண்டிருந்தான். எங்கள் கட்சிக்காரன் ஹார்லன் பீக்கின் மருமகன் அவன், அவனும் எங்கள் கட்சிதான். நான் சொன்னதையெல்லாம் அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"வேட்பாளர் பட்டியல்ல உன் பேரப் பாத்தப்பவே நான் கணக்குப் போட்டுட்டேன் வெண்டெல். பால்கிட்ட இன்னும் சொல்லல."

"வேணும்னு பண்ணலடி."

"தெரியும். வேணும்னு பண்ணியிருந்தா உன்னத் திட்டவாவது செஞ்சிருப்பேன்."

வீட்டுக்கு வந்ததும் பலகைகளுக்குச் சொல்லிவைத்தேன். என் பெயரைப் பெரிதாகப் போட்டு, கீழே: எனக்கு ஓட்டுப் போடாதீர்கள், மார்லிஸுக்குப் போடுங்கள். முதல் பலகையை என் கடை வாசலில் நட்டேன். செப்டம்பர் முழுக்க, கடையை மூடிவிட்டு வீடு வீடாகப் போனேன். மேலே உங்கள் கட்சி வட்டத்தைக் கறுப்பாக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சீட்டைத் திருப்பி, வடிகால் என்ற இடத்தில் மட்டும் மார்லிஸ் பெயருக்கு நேரே இன்னொரு வட்டம் போடுங்கள். அந்த ஒரு இடத்தில் அதுதான் செல்லும். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ அடக்கம் பாருங்க. இப்படிப்பட்ட ஆளுங்கதான் அரசியலுக்கு வரணும்" என்றாள். எனக்குத்தான் போடப்போவதாகச் சொன்னாள். இன்னொருவன் கதவைப் பாதி திறந்து, "உனக்கு எவ்ளோ கொடுத்தாங்க அந்தக் கட்சிக்காரங்க?" என்று கேட்டான். என் பலகைகளை யாரோ பிடுங்கிப் போட்டார்கள். வருத்தப்படுகிற கட்சிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவர்களில் ஒருத்தி, இது எங்களைக் கேலி செய்யும் தந்திரம் என்று என் கடைவாசலில் வந்து அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனாள். போகும்போது புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பிளேடு வாங்கிக்கொண்டாள்.

கடைசியாக ஹார்லன் பீக் வீட்டுக்குப் போனேன். மூன்று வருடத்துக்கு முன் அவன் நிலவறையில் தண்ணீர் ஏறியபோது, மார்லிஸ்தான் பம்பைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்கினாள். அன்றைக்கு ஈஸ்டர் விருந்தை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ஹார்லன், உனக்காவது நான் வெளக்கணுமா?"

"மார்லிஸ் தங்கமான பொண்ணுப்பா," என்றான் அவன். "அவ இல்லன்னா என் துணி தோய்க்கிற மெஷின் ஏரிக்குப் போயிருக்கும். போன வாரம்கூடத் தக்காளி கொண்டுபோய்க் கொடுத்தேன்."

"அப்போ அவளுக்கு ஒரு வட்டம் போடு."

அவன் முகம் வாடிப்போயிற்று. அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"அது எப்படிப்பா? இன்னிக்கு வடிகால்ல எடம் கொடுத்தா நாளைக்கு நாட்டையே கேப்பாங்க அவங்க."

"அவ கேக்கறது ஒரு பம்பு, ரெண்டு மம்மட்டி."

"அவ கேக்க மாட்டா. அவங்க கேப்பாங்க."

இந்த 'அவங்க' யார் என்று எனக்கு இன்று வரை தெரியாது. எங்கள் ஊரில் நான் அவர்களைப் பார்த்ததில்லை. ஊரில் இருப்பது மார்லிஸும், பாலும், அஞ்சலகத்தில் இருக்கிற ஒருத்தியும், இப்படிக் கொஞ்சம் பேர். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருக்கிற யாரையோ நினைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியைத் தோற்கடிக்க முடிகிறது எங்களால். எனக்கு அன்று ஹார்லனை உலுக்க வேண்டும் போலிருந்தது. அவன் என் கையில் ஒரு பை தக்காளியைக் கொடுத்து அனுப்பினான்.

நவம்பரில் நான் ஜெயித்தேன். கொஞ்சநஞ்சம் இல்லை, மூன்றில் இரண்டு பங்கு. நான் கதவு கதவாகத் தட்டிய பகுதியில்தான் அதிகம். என் பெயர் அங்கே நன்றாகப் பதிந்துவிட்டதாம். ரஸ் போனில் வாழ்த்துச் சொன்னார். பதவி ஏற்கப்போவதில்லை என்றேன்.

"பரவால்லப்பா. என் அக்கா மகன் இருக்கான், வீட்டுமனை விக்கிறவன். அந்த எடத்துல அவன நியமிச்சுக்கலாம்."

தாழ்வான வயல்களையெல்லாம் மனைகளாக்க வேண்டுமென்று அலைகிறவன் அந்த அக்கா மகன். போனை வைத்துவிட்டு ஜனெலைப் பார்த்தேன். "போய்ப் பதவிய ஏத்துக்கிட்டு, அவளக் கூப்பிடுங்க" என்றாள்.

ஆணையர் தனக்கு ஒரு துணை ஆணையரை வைத்துக்கொள்ளலாம். மார்லிஸின் அலுவலகத்துக்குப் போனபோது அவள் சுவரிலிருந்து வாய்க்கால் வரைபடத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அதை அங்கேயே விடு என்றேன். துணை ஆணையர் விஷயத்தைச் சொன்னேன். சம்பளம் குறையும், காப்பீடு குறையாது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். தேர்தல் முடிந்து அத்தனை நாளில் அவள் அழுது யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

"என்ன வெறுத்துத் தோக்கடிச்சிருந்தா தாங்கிக்குவேன் வெண்டெல். எல்லாரும் பிரியமா இருக்காங்க. நேத்து மூணு வீட்டுலேர்ந்து சமைச்ச சாப்பாடு வந்துச்சு, யாரோ செத்த வீட்டுக்கு அனுப்புற மாதிரி. மூணு பேருமே எனக்கு ஓட்டுப் போடலன்னு எனக்குத் தெரியும். நான் அதச் சூடு பண்ணி பாலுக்குப் போட்டேன். நல்லாவும் இருந்துச்சு."

"வர்றியா, மாட்டியா?"

"வராம? பாலுக்காக வர்றேன். வாய்க்காலுக்காகவும்தான்."

ஜெயித்த பதவியை எதிரிக்குத் தாரைவார்த்துவிட்டேன் என்று ரஸ் கட்சிக் கூட்டத்தில் பேசினார். பிறகு இயந்திரங்களைப் பக்கத்து ஊர்க் கடைக்குக் கொண்டுபோனார். எனக்கு நஷ்டம்தான், ஆனால் நிம்மதியாகத் தூங்கினேன்.

மார்ச்சில், மண் இன்னும் உறைந்திருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. பனிக்கட்டிகளும் மரக்கிளைகளும் வந்து சாலைக்கு அடியில் போகும் மதகின் கம்பியில் அடைத்துக்கொண்டன. காலையில் ஹார்லன் வீட்டு வாசல்வரை தண்ணீர் வந்துவிட்டது. மார்லிஸ் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிக் கொக்கியால் கிளைகளை இழுத்தாள். கயிற்றின் மறுமுனை என் கையில். கிர்க் பொக்லைனில் இருந்தபடி கட்டிகளை அள்ளிக் கரையில் போட்டான். மதியத்துக்குள் அடைப்பு விட்டது. தண்ணீர் மதகுக்குள் புகுந்து, பார்க்கப் பார்க்க வாசலிலிருந்து பின்வாங்கியது.

ஹார்லன் ஒரு பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்தான். மார்லிஸின் கையைப் பார்த்துவிட்டுத் தன் கம்பளிக் கையுறைகளைக் கழற்றினான்.

"வெறச்சுப் போயிருக்கு பாரு. போட்டுக்கம்மா."

அவளுக்கு முதலில் ஊற்றிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"பாத்தியா வெண்டெல்? நம்ம ஆளு ஒருத்தன் வந்ததும் தண்ணி எப்படி எறங்குது."

"எறக்கினது அவ. நான் கயிறு பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"அவள வேலைக்கு வெச்சது யாரு? நீ. அவங்க ஜெயிச்சிருந்தா, நம்ம ஆளு ஒருத்தன இப்படி வெச்சிருப்பாங்களா, சொல்லு?"

பொக்லைன் நின்றுவிட்டது. மேலே கிர்க் தன் மாமனாரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தால் ஏதாவது சொல்லிவிடுவேனென்று நான் கயிற்றைச் சுருட்டினேன். மார்லிஸ் காப்பியைக் குடித்து முடித்து, கோப்பையை அவனிடம் கொடுத்தாள்.

"ஹார்லன், கிர்க்க வேலைக்கு வெச்சது யாரு?"

ஹார்லன் பொக்லைனை அண்ணாந்து பார்த்தான்.

"அது வேற மார்லிஸ்," என்றான். "அவன் நல்ல வேலைக்காரன்ல. நல்ல வேலைக்காரன்னா யாரும் எடுப்பாங்க."

"ஆமா," என்றாள் அவள். "எடுப்பாங்க."

அவனுடைய கையுறைகளை மாட்டிக்கொண்டு, கயிற்றுக்காக என் பக்கம் கையை நீட்டினாள். இன்னும் கொஞ்சம் கிளைகள் உள்ளே இருந்தன.