மதினியின் கால்

மதியத்து லுஹர் தொழுதுவிட்டு வந்த றம்லா, குசினிக் கதிரையில் இருந்துகொண்டு, நாலு மாதமாய்ப் பின்னிய கம்பளிக் காலுறையைத் தன் வலது காலில் மாட்டிப் பார்த்தாள். முழங்கால் வரைக்கும் வருகிற நீளக் காலுறை. அதன் வாய்க்குள் சுகமாய் நுழைந்த பாதம், கணுக்காலின் ஒடுக்கத்தில் வந்து சிக்கிக்கொண்டது. உட்பக்கம் ஓடிய நூலொன்று பெருவிரலில் மாட்டியது. மூச்சைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்த பிறகுதான் குதி உள்ளே போனது. அந்த வெக்கையில் கம்பளிக்குள் கால் வேகத் தொடங்கியது. வெக்கை பெரிய விசயமில்லை, இறுக்கம்தான் பயமாயிருந்தது. அவளுடையது ஐந்தாம் நம்பர் செருப்புக் கால். மகள் சனூஸாவினுடையது எட்டு.

சனூஸா நோர்வேயின் வடக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். வரப்போவது அவளுக்கு நாலாவது குளிர்காலம். ஒரு நாள் போனில், அங்குள்ள கடைக் கண்ணாடிக்குள் தொங்கிய காலுறையொன்றைக் காட்டினாள். வெள்ளையில் சிவப்பு மான்கள் வரிசையாய் நின்றன. “உம்மா, இவங்கட மானுக்குப் புள்ளியில்ல. எங்கட பஸ் ஸ்டாண்ட் மான் மாதிரிப் புள்ளி வெச்சு எனக்கொரு சோடி பின்னித் தருவீங்களா?” என்று விளையாட்டாய்த்தான் கேட்டாள். ஆனால் இரண்டு மாதம் கழித்து, ஊருக்கு வந்த ஒருவரின் கையில் சிவப்பும் வெள்ளையுமாய் நூல்பந்துகளும் ஐந்து ஊசிகளும் வந்து சேர்ந்தன. போனதிலிருந்து மகள் தன்னிடம் கேட்ட முதல் பொருள் அது. றம்லாவுக்குத் தையல் தெரியும், கம்பளி தெரியாது. யூடியூப்பைப் பார்த்துப் பார்த்துப் பழகினாள். ஊருக்குள் கூட்டமாய்த் திரிகிற புள்ளிமான்களில் ஒன்று பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாழைப்பழத் தோலைத் தின்று முடிக்கும்வரை வெயிலில் நின்று பார்த்துவிட்டு வந்து, கணக்குக் கொப்பியின் கட்டங்களில் காதுக்கு எத்தனை, காலுக்கு எத்தனை என்று நிரப்பினாள்.

ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு நிறமும் ஓடவேண்டும். சிவப்பு முன்னால் தெரியும்போது வெள்ளை பின்னால் போகும். பின்னால் போகிற நூலை இழுக்காதே, தளர விடு என்று வீடியோவில் வந்த பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். றம்லாவின் கை அதை மட்டும் கேட்கவில்லை. முன்பக்கம் மான்கள் வடிவாய் நின்றன. பின்பக்கம் நூல் வீணைத் தந்திபோல் விறைத்துக் கிடந்து காலுறையை விரிய விடவில்லை.

துறைமுகத்தில் இழுவைப்படகு என்ஜின் பார்க்கிற அவள் கணவன் ஜவாஹிர் சாப்பிட வந்தபோது, அவள் காலுறையைக் காட்டினாள். லீவில் ஊருக்கு வந்திருக்கிற முனீப் இருபது நாளில் நோர்வேக்குத் திரும்பிப் போகிறான். பொதியை அவனிடம்தான் கொடுக்கவேண்டும். சரியாய் வருமென்றால் மற்றக் காலைத் தொடங்கலாம். வராதென்றால் இதையே குலைத்துத் திரும்பப் பின்னவேண்டும்.

“அளவு கேட்டியா?”

“கேட்டனான். வேலைக்குப் போற அவசரத்தில ஏதோ ஒரு கணக்குச் சொன்னாள். ஒரு காலில போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.”

ஜவாஹிர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான். “சனூஸாட கால் ராத்தாட கால்தானே.”

ராத்தா என்றால் கிண்ணியாவிலிருக்கும் அவனுடைய மூத்த சகோதரி நஜ்முன் நிஸா. சனூஸா பிறந்தபோது பிள்ளையின் பாதத்தைப் பிடித்து, மேல்புறம் மேடாய் எழும்பியிருப்பதைப் பார்த்து, “இது மாமிட கால்” என்று சொன்னவளும் அவள்தான். தன் மகன் நிப்றாஸுக்குத்தான் இந்தப் பிள்ளை என்று அன்றைக்கே பேச்சு வைத்தாள். படிப்பு முடிந்ததும் நிக்காஹ் என்று முடிவாகியிருந்தது. சனூஸா வெளிநாட்டுக்கு விண்ணப்பித்ததும், இந்தக் கலியாணம் வேண்டாம் என்று அழுததும் றம்லாவுக்கு மூன்று மாதம் முன்பே தெரியும். அந்த மூன்று மாதமும் மதினி கலியாண உடுப்புத் தைக்கக் கொடுத்ததையும் வீடு வீடாய்ப் போய்ச் சொல்லி வந்ததையும் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தாள். கடைசியில் ஊர்க் கடைக்காரன் ஒருவனின் மனைவி சொல்லித்தான் நிஸாவுக்குச் சேதி தெரிந்தது. அதற்குப் பிறகு ஜவாஹிர் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து தனியாய்க் கிண்ணியாவுக்குப் போய் வருகிறான். றம்லா போவதில்லை.

“நீங்கள் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துட்டு வாங்களன்,” என்றாள்.

“எனக்கு ஏலாது. நீ போய்க் கேளு.”

மறுநாள் மதியம் கிண்ணியா பஸ்ஸில் ஏறினாள். பாலத்தில் பஸ் ஓடும்போது, மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்திருந்ததைக் கவனித்துக் கையைத் தளர்த்தினாள். இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு தரிப்பிடங்களில் யோசித்தாள்.

ஸலாம் சொன்னபோது நிஸா பதில் ஸலாம் சொன்னாள். அதைச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் வாசலை விட்டு நகரவில்லை. மூன்று வருடத்தில் ஆள் உடைந்துபோயிருந்தாள். முகம் சட்டென்று வெளிறியது.

“ஜவாஹிருக்கு என்ன?”

“அவருக்கு ஒண்டுமில்ல மதினி. நான்… உங்கட காலப் பார்க்க வந்தனான்.”

நிஸா தன் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு றம்லாவைப் பார்த்தாள். “காலையா?” என்று கேட்டுவிட்டு வழியை விட்டாள்.

வீட்டில் வேறு யாருமில்லை. நிப்றாஸ் மூதூரில் கலியாணம் முடித்து அங்கேயே பெண் வீட்டோடு இருக்கிறான். றம்லா விசயத்தைச் சொல்லிக் காலுறையை எடுத்துக் கொடுத்தாள். நிஸா அதை வெளிச்சத்தில் பிடித்து, மான்களை ஒவ்வொன்றாய் விரலால் தொட்டுக்கொண்டு போனாள்.

“இந்த மானுக்கு மூண்டு கால்தான் இரிக்கு.”

றம்லா எட்டிப் பார்த்தாள். உண்மைதான். நாலு மாதமாய்க் கண்ணில் படாதது.

நிஸா கதிரையில் இருந்து காலை நீட்டினாள். றம்லா கீழே குந்தி, காலுறையைச் சுருட்டிப் பிடித்து மாட்டினாள். நீளமான பாதம், மேடான மேல்புறம், பெருவிரலைவிட நீண்ட இரண்டாம் விரல். மகளின் காலைத் தொட்டு எவ்வளவு காலம் என்று நினைத்ததும் அவளுடைய கை ஒரு கணம் நின்றது. காலுறை மேல்புறத்து மேடு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் ஒரு விரலளவுகூட ஏறவில்லை.

“இழு,” என்றாள் நிஸா.

“நோகும் மதினி.”

“நோகட்டும். இழு.”

இழுத்தாள். உள்ளே ஒரு நூல் அறுந்த சத்தம் கேட்டது. றம்லா கையை எடுத்துவிட்டாள். கால் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாய் நின்றது.

“அந்த மூண்டு மாசமும் நீ எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிரிக்கலாம்,” என்றாள் நிஸா. குரல் உயரவில்லை. “புள்ள போனது அவள்ட விருப்பம். மாட்டன் எண்டு சொல்ல அவளுக்கு உரிமை இரிக்கு. நீ ஏன் சொல்லல்ல? நான் உடுப்பு நிறம் கேட்க, நீயும் சேர்ந்து பச்சையா நீலமா எண்டு கதைச்சியே.”

றம்லா பல பதில்களை இந்த மூன்று வருடத்தில் தயாரித்து வைத்திருந்தாள். பிள்ளை சொல்லவேண்டாமென்றாள், மனம் மாறுவாள் என்று நினைத்தேன், அவர் கோபிப்பார். பாதி மாட்டிய காலுக்கு முன்னால் குந்தியிருந்து, அவற்றையெல்லாம் விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னாள்.

“பயந்தனான் மதினி. உங்களுக்குத்தான் பயந்தனான். சொன்னால் நீங்கள் அழுது அவள மறிச்சிருவீங்க எண்டு. நானும் அவள் போகவேணும் எண்டுதான் நினைச்சனான்.”

பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் உடைத்தார்கள்.

“மறிச்சிருப்பன்தான்,” என்றாள் நிஸா கடைசியில். மன்னித்ததாகவும் இல்லை, மன்னிக்காததாகவும் இல்லை. “இப்ப இதக் கழட்டு. கால் விறைக்குது.”

இருவரும் சேர்ந்துதான் அதைக் கழற்ற முடிந்தது. குலைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று றம்லா சொன்னாள். காலுறையின் விரல்நுனியில் இருந்த முடிச்சை அவிழ்த்து இழுத்ததும் கண்ணிகள் பொலபொலவென்று கழன்றன. சிவப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த நிஸா, “இஞ்ச தா, வெள்ளைய நான் சுத்திறன்,” என்று கையை நீட்டினாள். ஒருத்தி குலைக்க ஒருத்தி சுற்றினாள். கடைசி வரிசை கழன்றபோது பின்னேர அஸர்த் தொழுகைக்குப் பாங்கு கேட்டது.

“இருபது நாளில ரெண்டும் முடியாது மதினி. ஒண்டுதான் போகும்.”

“ஒரு காலுக்கு மட்டுமா குளிரும்?” என்ற நிஸாவின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. “வலதா இடதா எண்டு கேட்டு அனுப்பு.”

குலைத்த நூல் நேராக நிற்கவில்லை. கண்ணி இருந்த இடமெல்லாம் நெளிந்து நெளிந்து கிடந்தது. இப்படியே பின்னினால் மேடும் பள்ளமுமாய் வரும், நனைத்துக் காயப்போடவேண்டும் என்றாள் றம்லா. நிஸா கிணற்றடிக்குப் போய் வாளியில் தண்ணீர் அள்ளினாள். நூலைப் பெரிய வளையங்களாய்ச் சுற்றி நனைத்து, உடுப்புக் கொடியில் தொங்கவிட்டு, நெளிவு போகட்டும் என்று வளையங்களின் அடியில் தண்ணீர் நிரப்பிய இரண்டு பால்மா டின்களைக் கட்டினார்கள்.

“இது இண்டைக்குக் காயாது,” என்றாள் நிஸா, கையை உதறிக்கொண்டு. “நாளைக்கு வந்து எடு.”

றம்லா வெறும் பையோடு வாசல் படலையில் நின்று திரும்பிப் பார்த்தாள். டின்களின் பாரத்தில் கொடி தாழ்ந்திருந்தது. சிவப்பு வளையம் காற்றில் மெல்லத் திரும்பி வெள்ளையைத் தொட்டு விலகியது. இரண்டிலிருந்தும் தண்ணீர் சொட்டுச் சொட்டாய் மணலில் விழுந்துகொண்டிருந்தது.