வந்த தேதி

பிடுங்கிக்கொண்டவனுக்கே நன்றி சொல்லிவிட்டு வந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மூன்று மாதமாகத் தினேஸ்வரியின் மண்டைக்குள் இதே வாக்கியம் ஓடிக்கொண்டிருந்தது. தேய்ந்துபோன ஐசியை, அடையாள அட்டையை, மாற்றத்தான் ஈப்போ பதிவு அலுவலகத்துக்குப் போனாள். கவுண்டர் அதிகாரி கணினியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "நீ இந்த நாட்டுப் பிரஜை இல்லை" என்று மலாயில் சொல்லிவிட்டு, அவளுடைய நீல ஐசியை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினான். ஒரு துண்டுக் கடிதம்கூடத் தரவில்லை. முப்பத்து நான்கு வயதுப் பெண், மூன்று தேர்தலில் ஓட்டுப் போட்டவள், "தெரிமா காசி, என்சிக்" என்று நன்றி சொல்லித் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். பஸ் ஏறிய பிறகுதான் உடம்பு எரியத் தொடங்கியது. அவன்மேல் பாதி, தன்மேல் பாதி.

அப்பாவும் நீல ஐசி வைத்திருந்த பிரஜைதான். ஆனால் தோட்டத்துக் கோயிலில் அம்மாவுக்குத் தாலி கட்டியதோடு சரி, கல்யாணத்தைப் பதியவில்லை. அதனால் அப்பா வழியில் அவளுக்குப் பிரஜை உரிமை வராதாம். அம்மாவோ சாகும்வரை சிவப்பு ஐசி. இங்கே தங்கலாம், பிரஜை கிடையாது.

வக்கீல் சாலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்பாவ விடுங்க. அம்மாவுக்கு நிரந்தரவாசி ஐசி இருந்துச்சு, நீங்க இங்க பொறந்தீங்க. அரசமைப்புச் சட்டப்படி அது போதும். யாரும் உங்களுக்குக் குடுக்க வேண்டியதில்ல. பிடுங்குனதுதான் தப்பு. வழக்குப் போடலாம்."

நாளைக் காலை வழக்குக்கான சத்தியப் பிரமாணத்தில் கையெழுத்து.

அதற்குள் சேதி எப்படியோ போய், சிம்பாங் பூலாயில் அவளுடைய அடுக்குமாடி வீட்டில் இப்போது ஜெயபாலன் உட்கார்ந்திருந்தார். கட்சிக் கிளைக்காரர். தோட்டம் இருந்த காலத்திலிருந்தே யாருக்கு எந்தப் பாரம், எந்த விண்ணப்பப் படிவம் நிரப்புவதானாலும் அவர்தான். கூட்டி வந்தவன் அவள் தம்பி தர்மா.

"இதுல ஒரு கையெழுத்து, தங்கச்சி. ஆறு மாசத்துல செவப்பு ஐசி. பொறகு நீலத்துக்கு எழுதிப் போடலாம். மேல பேசிட்டேன்லா. வக்கீல மட்டும் வேணாம்னு சொல்லிரு."

"எங்கிட்ட இருந்ததே நீலந்தாண்ணே."

"இருந்துச்சு. இப்ப இருக்கா? கோர்ட்டுக்கு இழுத்தா அவங்க மூஞ்சி கறுத்துரும். நம்ம நல்லபடியா கேட்டு வாங்கிக்கணும்."

அவள் பாரத்தைப் புரட்டினாள். வெளிநாட்டுக்காரர்களுக்கான விண்ணப்பம். மூன்றாவது பக்கத்தில் விரல் நின்றது.

"மலேசியாவுக்கு மொதமொத வந்த தேதின்னு கேட்டிருக்கு. என்ன போடுறது?"

"பொறந்த தேதியப் போடு."

"எந்த வழியா வந்தேன்னு கேக்குறான்."

"அம்மா வயித்து வழியான்னு எழுதுக்கா" என்றான் தர்மா. ஜெயபாலன் மட்டும் சிரித்தார். தர்மாவுக்கே அந்தச் சிரிப்பு பிடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"போட்டுரு, அக்கா" என்றான், குரல் இறங்கி. "எனக்கும் அதே அம்மாதான். உன்னுதத் தோண்டுனவன் நாளைக்கு என்னுதத் தோண்ட மாட்டானா? லோரி லைசென்ஸ் போச்சுன்னா நான் எங்க போவேன்?"

தினேஸ்வரி அவனையே பார்த்தாள். தோட்டத்தை விற்று, தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடிக்க ஆள் வந்தபோது மண்வாரி இயந்திரத்துக்கு முன்னால் மல்லாந்து படுத்தவன் இவன். போலீஸ் இழுத்தும் எழுந்திருக்கவில்லை. அப்படிப்பட்டவனை, பார்த்தேயிராத ஒரு கவுண்டர்க்காரன் இப்படி நாற்காலி விளிம்பில் ஒட்டி உட்கார வைத்துவிட்டான். கோபம் இப்போது அவள் பக்கம் திரும்பவே இல்லை. முழுதாக வெளியே பார்த்து நின்றது. இதில் கையெழுத்துப் போட்டால் தான் வெளியிலிருந்து வந்தவள் என்று தானே எழுதிக் கொடுத்ததாகும். அதை வைத்தே அடுத்து இவனிடம் வருவார்கள்.

"பேனா இருக்கா?" என்று கேட்டபடியே ஜெயபாலன் தன் சட்டைப் பையைத் தடவினார்.

"வேணாண்ணே."

"தங்கச்சி, கோவப்படாத. யோசிச்சு..."

"கோவந்தாண்ணே. யோசிச்சும் பாத்துட்டேன்." குரல் உயரவில்லை. பாரத்தை அவர் பக்கம் தள்ளினாள். "நான் இதுல கையெழுத்துப் போடல. டீ ஆறுது, குடிங்க."