கண்ணாடிக் கூட்டில் ஒரு மூச்சு

“சித்தப்பா, விண்வெளியில மூச்சு முட்டுச்சுன்னா பக்கத்துல இருக்கவங்ககிட்ட கொஞ்சம் வாங்கிக்கலாமா?”

அண்ணன் மகள் பால்பல் விழுந்த வயதில் கேட்டது இது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி ஆடும் விண்வெளிக் கதை விளையாட்டு அந்த வீட்டில் அப்போதே உண்டு. சித்தப்பா தன் தடித்த விதிநூலைப் புரட்டிப் பார்த்தார். காற்று எப்போது தீரும் என்பதற்கு அட்டவணை இருந்தது. கொடுப்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

“அப்படி ஒரு விதியே இல்லம்மா” என்று நூலை மூடிவிட்டார். பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுகிறவர் அவர். அட்டவணையில் இல்லாதது உலகத்திலும் இல்லை என்றே நினைப்பவர். அந்தக் கேள்வியை மனதில் முடிந்துவைத்துக்கொண்டவர் அண்ணிதான்.

மகள் கல்லூரியில் சேர்ந்த பிறகு, ஒரு ஞாயிறு பிற்பகல், தன் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அண்ணி ஒரு தாளை மேசைமேல் வைத்தார். சொந்தமாக எழுதிய விதிகள்.

“புதுக் கதைக்கு எந்த விதின்னு இன்னைக்கு முடிவு பண்ணிடலாம். என்னோடது ஒருத்தருக்குப் பிடிக்கலைன்னாலும் எடுத்து வச்சுடுறேன்” என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் ஏற்கெனவே பளபளத்த கண்ணாடி ஒன்றைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிடிக்கவில்லை என்று சொல்லிவிடச் சித்தப்பா தயாராகவே வந்திருந்தார்.

கப்பல் சுவரில் ஓட்டை, காற்று கசிகிறது. இந்த ஒரே காட்சியை மூன்று விதிகளிலும் ஆடிப் பார்ப்பதென்று ஏற்பாடு. அண்ணி கதை நடத்த, ஆடுவது சித்தப்பா, மகள், சித்தப்பாவின் பணிமனைச் சிநேகிதரான டிரைவர் ஆகிய மூவர்.

முதலில் தடித்த நூல். உடல் எடை, உடுப்பின் அழுத்தம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, மூவரும் சாகும் நிமிடத்தைச் சித்தப்பா பெருமையோடு அறிவித்தார்.

“யோவ் டைம்டேபிள்!” என்றார் டிரைவர். “சாவு வர்ற நேரத்த இவ்வளவு கரெக்டா சொல்றீரே, பஸ்ஸு வர்ற நேரத்த ஒருநாளாவது சொல்லியிருக்கீரா?”

“பஸ்ஸ ஓட்டுறது நீர்தானே? பிறகு எப்படி நேரத்துக்கு வரும்?”

அடுத்தது மகள் கொண்டுவந்த மெல்லிய நூல். ஒரே உருட்டல், ஓட்டை அடைபட்டது.

“அவ்ளோதானா?” என்றார் டிரைவர். “பயப்படவே நேரம் குடுக்கலையே!”

மூன்றாவது அண்ணியுடையது. மூச்சுக்கு ஒரு பகடை. அவரவர் பகடைகள், மூக்குக்கண்ணாடி வைக்கும் மூடிபோட்ட கூட்டில் இருக்கும். கூடுகள் கண் பரிசோதிக்கும் சிறிய அறையில். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். விரும்பினால் தன்னுடையதை எடுத்து அடுத்தவர் கூட்டில் போடலாம்.

“கேக்கவும் கூடாது, குடுத்தேன்னு சொல்லவும் கூடாது” என்றார் அண்ணி.

பொறியாளராக ஆடிய சித்தப்பா ஓட்டையோடு மல்லுக்கட்டி இரட்டிப்பு மூச்சைச் செலவழித்தார். தன் கூடு காலி என்பது அவருக்குத் தெரியும். கூடுகளை மேசைக்குக் கொண்டுவந்து திறந்தபோது, உள்ளே ஒரு பகடை கிடந்தது.

எண்ணிக்கையில் தவறாத மனிதர் மீண்டும் கணக்குப் போட்டார். சரியாகத்தான் இருந்தது. மகளிடம் இருக்க வேண்டியவை இருந்தன. டிரைவரிடம் ஒன்று குறைந்தது. வந்ததிலிருந்து யாரோடு மல்லுக்கு நின்றாரோ, அந்த மனிதர்!

“என்னய்யா முழிக்கிறீர்? உருட்டும்! பஸ்ஸு கெளம்பிடும்” என்றார் டிரைவர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

உருட்டினார். ஓட்டை அடைபட்டது. மகள் துள்ளிக் குதித்தாள். பகடைதான், விளையாட்டுதான். ஆனாலும் சித்தப்பா அந்தப் பகடையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கடவுள் நமக்கு மூச்சை இப்படித்தானே தருகிறார், கொடுத்த கையைக் காட்டாமல்.

“என்ன தம்பி, எடுத்து வச்சுடவா?” என்று கேட்டார் அண்ணி.

“தொட்டுடாதீங்க அண்ணி!” தடித்த நூலைப் பைக்குள் போட்டார் சித்தப்பா. “ஆடுனா இனிமே இதுதான். நாளைக்கு டிப்போ பூரா சொல்லப்போறேன், எங்க அண்ணி எழுதின விதின்னு. இந்த மாதிரி ஒண்ணு எவன் எழுதியிருக்கான்?”

“மைக் செட்டு வேணுமா?” என்றார் டிரைவர்.

அண்ணி சிரித்தார். துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை ஒருவழியாகக் கீழே வைத்தார். சித்தப்பாவுக்கோ, ஏதோ தானே எழுதியதுபோல் நெஞ்சு நிமிர்ந்தது.

கதை தொடர்ந்தது. ஓட்டையை அடைத்த பொறியாளருக்குக் கப்பல் இரண்டு மூச்சு தந்தது. கூடுகள் மறுபடி உள்ளே போயின. தன் முறை வந்ததும் சித்தப்பா சிறிய அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். வெளியே டிரைவர் எதற்கோ உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தன் கூட்டிலிருந்து ஒரு பகடையை எடுத்து, டிரைவரின் கூட்டில் வைத்தார். மூடி டக்கென்று சத்தம் போடுமே என்று, இடையில் விரலைக் கொடுத்து மெல்ல மூடினார்.