ஃபமகுஸ்தா துறைமுகச் சங்கிலி

அண்ணன் இறந்து மூன்று நாளாயிற்று.

எங்கள் தீவின் ஃபமகுஸ்தா துறைமுகத்தின் வாயை ஒரு இரும்புச் சங்கிலிதான் மூடுகிறது. அதன் ஒரு முனை எதிர்க்கோபுரத்தில் இறுகியிருக்கிறது. மறுமுனை எங்கள் கோபுரத்துக்குள், செங்குத்தாக நட்டுவைத்த மர உருளையில் சுற்றிக்கொள்ளும். உருளையில் செருகிய ஆறு தடிகளை ஆறு பேர் நெஞ்சால் தள்ளிச் சுற்றினால் சங்கிலி கடலைவிட்டு எழும். எழுந்ததும் அடியில் ஒரு மரக்கட்டையை உருளையோடு நெருக்கி இறுக்குவோம். அதன் பிறகு பாரமெல்லாம் அந்தக் கட்டைக்குத்தான்.

உருளை சுழல, அதன் மேல்முனை பொருந்தியிருக்கும் தலைக்குழியில் பன்றிக் கொழுப்பு தடவ வேண்டும். அது நகரைப் பிடித்து ஆளும் ஜெனோவாக்காரர்களின் உத்தரவு. ஈஸ்டருக்கு முந்தைய விரத நாள்களில் அண்ணன் யாகூமி அதைத் தொடவிட மாட்டார்.

"அதுல கைய வச்சிட்டு அதே கையாலயா ரொட்டிய பிப்ப? ஆலிவ் எண்ணெய ஊத்துடா லோயிசு" என்பார். ஆண்டுதோறும் ஊற்றினேன். ஒன்றும் ஆகவில்லை.

இந்த ஆண்டு ஈஸ்டர் பிந்தியது, வெயில் முந்தியது. கொழுப்பு வைத்த இடத்தில் நிற்கும். சூட்டில் எண்ணெய் நிற்காது. தலைக்குழியிலிருந்து உருளையின் உடம்பு வழியாக அடிக்கட்டைவரை வழிந்திருக்கிறது. எங்களில் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

கட்டையை இறுக்கிவிட்டு ஐந்து பேர் விலகினோம். அண்ணன் தடிமேல் சாய்ந்து மூச்சு வாங்கினார். கட்டை வழுக்கியது. உருளை பின்னோக்கிச் சுழன்றதில் அடுத்த தடி அவர் முதுகில் அடித்தது. அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது. சங்கிலி முழுவதும் கடலுக்குள் போயிற்று.

எங்கள் அரசர் நகரை மீட்கக் கப்பல் அனுப்புவாரோ என்று ஜெனோவாக்காரர்களுக்கு எப்போதும் பயம். துறைமுக வாயைத் திறந்துவிட்ட துரோகி அண்ணன்தான் என்று அவர்களுடைய காவல் தலைவர் ஒபெர்த்தோ முடிவு கட்டினார். உடலைப் புதைக்கக் கூடாது, கடல்வாசலில் தொங்கவிட வேண்டும் என்றார்.

நான் அவரை உருளையிடம் கூட்டிப்போனேன். தலைக்குழி, வழிந்த தடம், கட்டை என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் கட்டையைத் தடவி விரலை முகர்ந்தார்.

"யார் ஊத்துனது?"

"நான்தாங்க."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லலைங்க."

அவர் கொழுப்புச் சட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"தடவு. சங்கிலி ஒழுங்கா நின்னுச்சுன்னா உங்க அண்ணன எடுத்துட்டுப் போ."

அன்று பெரிய வெள்ளி. உருளையிலும் கட்டையிலும் இருந்த எண்ணெயைத் துடைத்தேன். கொழுப்புக்குள் மணிக்கட்டுவரை கையை விட்டு அள்ளினேன். தலைக்குழியில் தடவினேன். மற்றவர்களோடு சேர்ந்து அண்ணனின் தடியை நானே தள்ளினேன். கட்டையை இறுக்கி விலகினோம்.

சங்கிலி ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

அந்தக் கையாலேயே அண்ணனைத் தூக்கினேன்.