தானாக நின்றவை

பூரணம் வேலிப் படலையைத் தள்ளி உள்ளே கால் வைத்தபோது வீட்டின் பின்புறத்தில் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

முற்றத்துப் பந்தலின் கீழ் அவளுடைய அண்ணன் தில்லைநாதன் கிடத்தப்பட்டிருந்தார். பதினொரு நாள் நெருப்புக்காய்ச்சல் ஆளைப் பாதியாக்கியிருந்தது. நெற்றி நிறையத் திருநீறு. வாய் திறவாதபடி நாடியைச் சுற்றித் துணியால் கட்டியிருந்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் அவளைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழக் கைகளை விரித்தார்கள். அந்தக் கைகளுக்குள் அவள் போகவில்லை. நின்றபடியே அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அழுகை வரவில்லை. நாலு வருஷத்துக் கோபம்தான் வந்தது.

"தனியவோ வந்தனீ, பிள்ளை?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஓம்."

பண்டத்தரிப்பிலிருந்து பட்டினத்துக்கு ஒரு பஸ், பட்டினத்திலிருந்து உரும்பிராய்க்கு இன்னொரு பஸ். கலியாணம் முடித்த பிறகு அவள் தனியே பஸ் ஏறியது இதுதான் முதல் தடவை. காலையில் செத்தவீட்டுச் செய்தி வந்தபோது மாமியார் சின்னாச்சி வாசலில் குறுக்கே நின்றாள். பூரணத்துக்கு அப்போது இரண்டாம் மாதம். "வயித்திலை கிடக்கேக்கை ஆரும் செத்தவீட்டுக்குப் போவினமோ? அதுவும் உன்ரை தமையன்ரை வீட்டுக்கு! போறதெண்டால் போ. அந்தப் படலையைத் தாண்டினால் திரும்பி இந்தப் படலையைத் தாண்டாதை" என்றாள். பூரணத்தின் கணவன் சோமசேகரம் அப்போது மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தான். கரைத்த தவிட்டையே திரும்பத் திரும்பக் கரைத்தான். பூரணம் சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

உடைகிற சத்தத்தைத் தேடிப் பின்வளவுக்குப் போனாள். வாழையடியில் கிடங்கு வெட்டியிருந்தது. பெரியையா தம்பிஐயா, அவளுடைய தகப்பனின் தமையன், இடுப்பில் கைவைத்து நிற்க, இரண்டு பேர் கடகத்திலிருந்து போத்தல்களை எடுத்துக் கிடங்குக்குள் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பிரிட்டு மணம் மூக்கை அரித்தது. கண்ணாடித் துண்டுகளுக்கிடையில் வெளிறிப்போன சின்னச் சின்ன உருவங்கள் கிடந்தன. சில பயறளவு. சிலவற்றுக்குக் கண் மட்டும் கறுப்பாகப் பெரிதாக இருந்தது. ஒன்றுக்குச் சிறகு முளைக்கத் தொடங்கியிருந்தது.

தில்லைநாதன் பட்டினத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்தவர். ஒரு கரு நாளுக்கு நாள் எப்படி உருவெடுக்கிறது என்பதைத் தவிர இந்த உலகத்தில் அவருக்கு வேறு எதிலும் அக்கறை இருக்கவில்லை. அடைவைத்த கோழிமுட்டைகளை நாளுக்கு ஒன்றாக எடுத்து, இளஞ்சூடான உப்புத்தண்ணீருக்குள் உடைத்து, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் படம் கீறுவார்; பிறகு கருவை ஸ்பிரிட்டுப் போத்தலில் போட்டு வைப்பார். பனங்கொட்டையையும் அப்படித்தான் பிளந்து கீறினார். அதை ஊர் கண்டுகொள்ளவில்லை. மச்சம் மாமிசம் தொடாத வீட்டில், கோவிலுக்குத் தேர்வடம் பிடிக்கிற குடும்பத்தில், முட்டை உடைப்பதைத்தான் கண்டுகொண்டது.

"வந்திட்டியோ பிள்ளை," என்றார் தம்பிஐயா. "உதுகளை வீட்டிலை வைச்சுக்கொண்டு கிரியை செய்யேலாது. உன்ரை மச்சாள் கமலாவதியும் ஓம் எண்டிட்டாள்."

"உடையுங்கோ," என்றாள் பூரணம். "ஒண்டும் மிச்சம் வைக்காதேங்கோ."

அவள் அதை மனதாரத்தான் சொன்னாள்.

நாலு வருஷத்துக்கு முன் ஓர் ஆடி மாதம், மூன்று மாதத்தில் அவளுக்கு முதற்கரு அழிந்தது. அடுத்த நாள் காலை அண்ணன் சைக்கிளில் வந்தார். அவள் பாய்க்குப் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து குசினிப் பக்கம் போனார். அங்கே மருத்துவிச்சியிடம் அவர் கேட்டது பூரணத்தின் காதில் விழுந்தது.

"கரு எத்தினை கிழமை இருக்கும்? எங்கை கிடங்கு வெட்டித் தாட்டனீங்கள்? எடுத்துப் பாக்கலாமோ?"

பூரணம் சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தாள். "போ அண்ணை," என்றாள். "இனி இந்த வாசலுக்கு வராதை." அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வருஷம் இரண்டாவதும் அழிந்தபோது அவருக்கு ஒருவரும் சொல்லியனுப்பவில்லை. "அவன் உடைக்கிற கருவெல்லாம் உன்ரை மடியிலைதான் வந்து விழுகுது," என்று சின்னாச்சி சொன்னபோது, பூரணம் மறுத்துப் பேசவில்லை. பாதி நம்பினாள். நம்புவது சுலபமாகவும் இருந்தது.

கடைசிப் போத்தல் உடைந்ததும் அவள் வீட்டுக்குள் போனாள். பக்கத்து அறையில் கமலாவதி, தில்லைநாதனின் மனைவி, தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மடியில் அவர் எழுதிய நாலு கொப்பிகள்.

"போத்தலை எல்லாம் குடுத்திட்டன், மச்சாள்," என்றாள். "இதை ஒளிச்சு வைச்சிருக்கிறன். இது உங்களுக்கு எழுதினது."

"எனக்கோ?"

"விரிச்சுப் பாருங்கோ."

முதற் கொப்பியின் முன்பக்கங்கள் எல்லாம் இங்கிலீஸ். நுணுக்கமான படங்கள். நடுவில் ஓரிடத்தில் எழுத்து தமிழுக்கு மாறியது. மேலே திகதி: ஆவணி மாதம், அவளுடைய முதற்கரு அழிந்ததற்கு அடுத்த மாதம். தலைப்பு: 'தானாக நின்றவை.' பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதுவதுபோல வடிவான எழுத்து.

"அதுக்குப் பிறகு அவர் உயிரோடை இருந்த ஒரு முட்டையையும் உடைக்கேல்லை," என்றாள் கமலாவதி. "லாம்புச் சூட்டிலை பொரிக்கிற பெட்டியிலை வைச்சால் லாம்பிலை பிழை எண்டு சொல்லுவினம் எண்டு, அடைக்கோழியிலையே வைச்சவர். வெளிச்சத்திலை பிடிச்சுப் பாப்பார். தானாய் வளராமல் நிண்டது எண்டு தெரிஞ்சால்தான் உடைப்பார். நாலு வருஷம், மச்சாள்."

பூரணம் கடைசிக் கொப்பியின் கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

'கருக்கொண்ட முட்டை நானூற்றுப் பன்னிரண்டு. அவற்றுள் தானாக நின்றவை ஐம்பத்தேழு. பெரும்பாலும் முதல் ஐந்து நாளுக்குள். உரு தொடங்கும்போதே கோணலாக இருந்தது, படம் காண்க. நல்ல பேட்டுக் கோழிக்கும் நின்றிருக்கிறது. நின்ற பேட்டுக்கே அடுத்த அடையில் நன்றாகவும் பொரித்திருக்கிறது. பேட்டில் பிழை இல்லை. அடைகாத்ததில் பிழை இல்லை. வெளியிலிருந்து வந்த காரணம் எதையும் நான் காணவில்லை.'

அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"நான் கோழியோ, மச்சாள்?"

"அவருக்கு வேறை பாஷை தெரியாது."

"அண்டைக்குத் தாட்டதை எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்டவரே!"

"பிழை எங்கை எண்டு கண்டால், உங்களை ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம் எண்டு நினைச்சவர். மூண்டு தரம் உங்கடை வீட்டுக்கு எண்டு கொப்பியோடை வெளிக்கிட்டவர். படலை மட்டும் வந்திட்டுத் திரும்பினவராம்."

ஒரு தரம் பூரணமே கண்டிருக்கிறாள். வேலிக்கு அப்பால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். அவள் உள்ளே போய்க் குப்புறப் படுத்துக்கொண்டாள். அந்த நினைப்பு இப்போது அவளுக்கு இன்னும் கோபத்தை மூட்டிவிட்டது.

"படலை மட்டும் வரத் தெரிஞ்ச மனிசனுக்கு ஒரு அடி உள்ளுக்கை வைக்கத் தெரியாதோ? நானூறு முட்டையைப் பாத்தவர், என்ரை முகத்தைப் பாத்து ஒரு சொல்லுச் சொல்லேலாதோ? நான் போ எண்டால் போறதோ?"

பூரணத்தின் சத்தம் கேட்டுத் தம்பிஐயா வாசலில் வந்து நின்றார். கொப்பிகளைக் கண்டார்.

"உதுகளையும் தா, பிள்ளை. பாடையிலை வைச்சு அனுப்புவம். அவன்ரை பாவம் அவனோடை போகட்டும்."

"கொப்பியைத் தொடாதேங்கோ, பெரியையா."

"ஆர் கதைக்கிறது பார்! உந்தப் பாவத்தாலை ரெண்டு தரம் வயிறு அழிஞ்சவள் நீயல்லோ?"

பந்தலில் அழுகை நின்றுபோயிற்று. பூரணம் கொப்பிகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"மார்கழியிலை உங்கடை வளவிலை பனங்கிழங்கு கிண்டிப்போட்டு என்ன செய்யிறனீங்கள்? பனங்கொட்டையைப் பிளந்து உள்ளை இருக்கிற வெள்ளைப் பூரானை எடுத்துத் தின்னிறியள். அது என்ன? முளைக்கிற கருவுக்கெண்டு கொட்டைக்குள்ளை வளர்ந்தது. கடகம் கடகமாய்ப் பிளக்கிறியள். ஆரின்ரை வயிறு அழிஞ்சது? உங்கடை மகளுக்கு ஆறு பிள்ளையள்."

"முட்டையும் கொட்டையும் ஒண்டோடி?"

"ரெண்டையும் பிளந்து பாத்தது அண்ணை ஒராள்தான். நீங்கள் பாக்கேல்லை. பாக்காமல் நாலு வருஷமாய்க் கதைச்சனீங்கள். நானும் கேட்டுக்கொண்டிருந்தன்."

தம்பிஐயாவின் முகம் கறுத்தது. தில்லைநாதனுக்குப் பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைக்க நின்றது தம்பிஐயாவின் மகன் இராசநாயகம்தான். "அப்பிடியெண்டால் என்ரை மகன் கொள்ளி வைக்கமாட்டான்," என்றார் அவர். "கொப்பியோடை இருந்து யோசி."

"வைக்காட்டில் விடுங்கோ. நான் வைக்கிறன்."

ஒரு பெண் "ஐயோ, என்ன கதை இது" என்று முணுமுணுத்தாள். இராசநாயகம் முற்றத்தில் குளித்த ஈரத்தோடு நின்றிருந்தான். முப்பது வயது. தில்லைநாதனிடம் படித்துச் சோதனை பாஸ்பண்ணியவன். அவன் பூரணத்தைப் பார்க்கவில்லை, தகப்பனையும் பார்க்கவில்லை. குனிந்து கொள்ளிக்குடத்தை எடுத்துத் தோளில் வைத்தான்.

"ஐயா, வெயில் ஏறுது. தூக்குவம்."

தூக்கினார்கள். மேளம் தெருமுனையில் திரும்பி, பிறகு தோட்டங்களுக்கு அப்பால் போய் மங்கியது. பெண்கள் ஒவ்வொருவராகக் கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகினார்கள். பூரணத்தோடு ஒருத்தரும் கதைக்கவில்லை. பந்தலின் கீழ் அண்ணன் கிடந்த இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். கறையே இல்லாத இடத்தை விளக்குமாறு தேயத் தேய உரஞ்சினாள்.

பின்னேரம் படலையடியில் மாட்டுவண்டில் வந்து நின்றது. சோமசேகரம் இறங்கி, சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான்.

"அம்மா கூட்டிக்கொண்டு வரச் சொன்னவ," என்றான். "காலமை கோபத்திலை சொன்னதாம்."

"நான் எட்டாம் நாள் செலவுக் கிரியை முடியத்தான் வருவன். மச்சாள் தனிய."

"உந்த உடம்போடை…"

"இந்த உடம்புக்கு என்ன? தங்கினால் தங்கட்டும். தங்காட்டில், நான் இஞ்சை வந்ததாலை இல்லை. அண்ணை முட்டை உடைச்சதாலையும் இல்லை. முதல் ரெண்டுக்கும் ஆரும் காரணமில்லை. அதை உங்கடை அம்மாவுக்கு நீங்கள் சொல்லவேணும். நான் இல்லை. நீங்கள்."

அவன் சால்வையை மறுகைக்கு மாற்றினான்.

"நாலு வருஷமாய் அவ சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தனீங்கள். அண்ணை எண்டாலும் படலை மட்டும் வந்தவர். நீங்கள் உள்ளுக்கை இருந்துகொண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

பதிலுக்கு நிற்காமல் அவள் கிணற்றடிக்குப் போனாள். துலாக்கொடியைப் பிடித்து இழுத்து, ஓலைப் பட்டையை நிரப்பித் தலையில் ஊற்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஊற்றினாள். எத்தனை தரம் என்று தெரியாது. தோள் வலித்தது. இனி வண்டில் திரும்பும் சத்தம் கேட்கும் என்று காதைக் கொடுத்தபடியே ஊற்றினாள். கேட்கவில்லை. நுகம் மண்ணில் இறங்குகிற சத்தம்தான் கேட்டது.

ஈரச்சீலையைப் பிழிந்துகொண்டு அவள் முற்றத்துக்கு வந்தபோது, மாடு முருங்கையில் கட்டியிருந்தது. சோமசேகரம் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, வண்டிலிலிருந்து வைக்கோலை இழுத்து இழுத்து உதறிப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளும் நிற்கவில்லை. மாடு வாளிக்குள் முகத்தை விட்டுத் தண்ணீர் குடித்தது. வெகுநேரம் குடித்தது.