மஞ்சள் கல் நின்ற இடம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. என் தம்பி விமலனின் மகள் ஷாமினி, பிரிக்ஃபீல்ட்சில் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "பெரியப்பா, கோயில்ல நீங்க உபயமாப் போட்ட தளம்தான் பிரச்சினையே" என்று சொன்ன நாளில் பிறந்தது. எங்கள் வீட்டில் பெரியவர்களிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

மலையிலிருந்து விழும் கல் எந்த வழியாக வரும், எங்கே எகிறும், எங்கே நிற்கும் என்று கணக்கிடுவது அவள் வேலை. அதற்கு ஒரு படிப்பு இருக்கிறது. சம்பளமும் இருக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நகருக்கு வடக்கே, பச்சை படர்ந்த சுண்ணாம்புக் குன்றின் அடியில், காலம் காலமாக..."

விட்டுவிட்டேன். காலம் காலமாக இல்லை. என் தாத்தா அங்கே கல்லுடைப்பு ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தபோது நட்ட சூலம் அது. குவாரியை மூடிவிட்டார்கள்; முனீஸ்வரர் இருக்கிறார். காலி செய்யச் சொல்லி வந்தவர்களை எல்லாம் என் அப்பாவும், பிறகு நானும், வாசலில் நின்றே திருப்பி அனுப்பினோம். வெளியார் அசைக்க முடியாத கோயிலை, எங்கள்...

[இந்த வாக்கியத்தை முடித்தால் வீட்டுப் பெண்ணைத் தெருவில் நிறுத்தியதாகும். முடிக்கவில்லை.]

2

ஷாமினியைக் கெட்டவளாக எழுதத்தான் முயன்றேன். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, சாமி இருக்கும் பக்கம் திரும்பாத முகம். ஆனால் அவள் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கோயில் தளத்தில் கால் வைத்தாள். கெட்ட பாத்திரம் அதைச் செய்யாது. எனவே பேசவிடுகிறேன்.

"முன்னாடி இங்க மண்ணுதானே பெரியப்பா? மண்ணுன்னா கல்லு புதைஞ்சு நின்னுரும். நீங்க சிமெண்டு போட்டு டைல்ஸ் ஒட்டிட்டீங்க. இப்ப விழுந்தா பந்து மாதிரி எகிறும் லா."

"அந்தத் தளத்துல நம்ம குடும்பப் பேரு இருக்கு."

"கல்லுக்குப் படிக்கத் தெரியாது பெரியப்பா."

"உனக்குத் தெரியுமே. அது போதும்."

3

ஒரு வியாழக்கிழமை கோயிலைப் பூட்டினோம். அவளுடைய ஆட்கள் கயிற்றில் தொங்கி, குன்றின் முகத்தில் ஆடிக்கொண்டிருந்த கற்களை நெம்பித் தள்ளினார்கள். படம் பிடிக்கும்போது தெரிவதற்காகக் கல்லுக்கு ஒரு நிறம் அடித்திருந்தார்கள். கீழே மணல் மூட்டைகளால் தடுப்பு. ஊர்க்காரர்களில் நான் மட்டும் ரோட்டோரம் நின்று பார்த்தேன்.

சிவப்பும் நீலமும் தடுப்பிலேயே நின்றன. மஞ்சள் கல் உருண்டையானது. தடுப்பைத் தாண்டியது. எங்கள் தளத்தில் விழுந்து எகிறி, முனீஸ்வரருக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றது.

அது ஆடித் திருவிழாவில் எனக்குப் பரிவட்டம் கட்டும் இடம்.

ஷாமினி குன்றின் உச்சியைக் கை காட்டினாள். "இதுக்கு மேல பெருசு ஒண்ணு விரிசல் விட்டு நிக்குது. அத எடுக்க மெஷின் அடுத்த மாசம்தான் வரும். திருவிழா அதுக்கு முன்னாடி வந்துருது, இந்த வருசம் மட்டும் கீழ் ரோட்டுப் பக்கம் வச்சுக் கும்பிடுங்க பெரியப்பா."

பார்க்கலாம் என்றேன். அவள் ஆலோசனை சொல்லலாம். கோயில் சாவி எங்கள் வீட்டில் இருக்கிறது.

4

மறுநாள் வெள்ளிக்கிழமை. பண்டமாரானிலிருந்து வாராவாரம் எலுமிச்சை மாலையோடு வரும் இராஜம்மா, நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத அந்தக் கல்லைப் பார்த்தார். அதன் நிறத்தைப் பார்த்தார்.* குங்குமம் வைத்தார்.

"மலையே இறங்கி வந்து முனி காலடியில உக்காந்துருச்சுய்யா!"

சாயங்காலத்துக்குள் கிள்ளானிலிருந்தும் காப்பாரிலிருந்தும் கார் காராக வந்து இறங்கினார்கள். கோயில் செயலாளர் சுகுமாறன் பெரிய மாலையோடு என்னிடம் ஓடி வந்தான்.

"அண்ணே, மொத மாலை உங்க கையாலதான். ஒரு முழம்ணே! சாமி கைய நீட்டி நிறுத்தியிருக்காரு. இனிமே எவன் வந்து இடிப்பான்னு பாப்போம்!"

[இங்கே பாத்திரம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அத்தனை பேர் கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போது நீங்கள் சொல்லியிருப்பீர்களா?]

மாலையைப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஷாமினி கூப்பிட்டாள்.

"போட்டோ பாத்தேன் பெரியப்பா. அது நான் அடிச்ச பெயிண்டு."

"தெரியும்."

"அப்பச் சொல்லிருங்க. நான் சொன்னா, கோயில இடிக்க ஆள் கூட்டிட்டு வந்தவன்னு சொல்லுவாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"எங்க வீட்டுப் பொண்ணு அடிச்ச பெயிண்டத்தான் ஊரே கும்பிடுதுன்னு நானே மைக்குல சொல்லணுமா?"

 "கதை எழுதுறீங்கல்ல? அதுலயாவது சொல்லுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

* பெயிண்ட். டப்பாவை நானே பார்த்தேன்.

5

கணினியில் அவள் ஒரே கல்லைத் திரும்பத் திரும்ப உருட்டுவதை முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கல் வேறு வழியில் வந்து வேறு இடத்தில் நின்றது. இதில் எது நிஜம் என்று கேட்டேன். "எல்லாமே நிஜம்தான் பெரியப்பா, விழுற வரைக்கும்" என்றாள்.

நானும் இந்தக் கதையை உருட்டிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: மேளம் உச்சத்தில் இருக்கும்போது மேலே ஒரு சத்தம்... வேண்டாம். என் கையால் அதைத் தள்ளமாட்டேன்.

முடிவு இரண்டு: ஒன்றும் விழவில்லை. அன்னதானம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் நலமாக வீடு திரும்புகிறார்கள். சாமி காக்கும் மலைக்கு மெஷின் எதற்கு என்று சுகுமாறன் கேட்கிறான், எல்லோரும் கைதட்டுகிறார்கள். அடுத்த ஆடியில் கூட்டம் இரண்டு மடங்கு, அதே கல்லைச் சுற்றி, அதே குன்றின் கீழ். எழுதிப் பார்த்ததில் கொடியது இதுதான்.

முடிவு மூன்று: பெரியவர் மைக்கை வாங்கி, "இந்தக் கல்..."

6

இது ஞாயிற்றுக்கிழமை பதிப்பில், கதைப் பக்கத்தில் வரும். கதை என்று போட்டிருப்பதால் நீங்கள் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. காலைத் தேநீரோடு படிக்கிறீர்கள் என்றால் இன்றைய திருவிழாவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கீழ் ரோட்டில் காரை நிறுத்திவிட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வருவீர்கள். எங்கே நிற்பது என்று தெரியாமல் முதலில் என்னைத்தான் தேடுவீர்கள். என் அப்பா காலத்திலும் அப்படித்தான். நாங்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னால்தான் ஊர் நிற்கும். எங்கள் குடும்பத்தின் மரியாதை என்பது வேறொன்றும் இல்லை, அதுதான்.

இன்று பரிவட்டம் கட்டிக்கொண்டு நான் நிற்கும் இடம்...