காதுக்கு மேல் கீறல் விழுந்த நாலு ஃபில்ஸ்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னது நாதிமின் மனைவி சுஆத். சொல்வதற்கு முன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். பயப்பட வேண்டிய ஆட்சி போய்ப் பல வருஷமாகியிருந்தது. அவள் ஜன்னலைச் சாத்தியதால்தான் நான் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

பழைய காசு சேர்ப்பவர்களுக்கு பாக்தாத் சொர்க்கம். வெள்ளிக்கிழமைச் சந்தையில்—

அடித்துவிட்டேன். கதை நடந்த மாதம் நாதிம் சந்தைப் பக்கமே போகவில்லை.

2

நாதிம் பூகோள வாத்தியார். மன்னர் காலத்துச் சில்லறைகளில் அச்சு மாறியவற்றைத் தேடிச் சேர்ப்பவர். ஒன்றுபோலிருக்கும் காசுக் குவியலில் எதிலாவது ஒன்றில் மட்டும் ஆண்டின் கடைசி இலக்கம் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். [அடையாளத்தை மாற்றித்தான் எழுதுகிறேன். சரியாகச் சொன்னால் காசு யாருடையது என்று இப்போதுகூட ஆள் பிடித்துவிடலாம். சுஆதின் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.]

அப்படி ஒரே ஒரு நாலு ஃபில்ஸ் காசைத்தான் அவர் வாழ்நாளில் பார்த்திருந்தார். அது நண்பர் கோர்கிஸின் சட்டைப் பையில் இருந்தது. ஊசியால் அழுக்கெடுக்கப் போய் காசிலிருந்த ராஜாவின் காதுக்கு மேல் கீறிவிட்டு, அன்று முழுக்க கோர்கிஸ் யாரோடும் பேசவில்லை.

கோர்கிஸ் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்குக் கடிதம் போடுவார். ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

3

அடுத்து நாதிமின் வீட்டுக்கு வந்த ரகசியப் போலீஸ் அதிகாரியைக் கறுப்புக் கண்ணாடி, தடித்த மீசை என்று எழுதிப் பார்த்தேன். அந்த ஆள் காகிதத்தில் நிற்கவில்லை. சுஆத் சொன்ன ஆளுக்குச் சளி. செருப்பை வாசலில் கழற்றினார். காய்ந்த எலுமிச்சைத் தேநீர் கிடைக்குமா என்று பணிவாகக் கேட்டார். குடித்து முடித்த பிறகு ஒரு காசை மேஜையில் வைத்தார்.

"உஸ்தாத், உங்களுக்கு இதெல்லாம் அத்துப்படின்னு சொன்னாங்க. இது அபூர்வமா, சாதாரணமா?"

நாதிம் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்து பார்த்தார். விளிம்பைத் தொட்ட இலக்கம் தெரிந்தது. அப்புறம் காதுக்கு மேல் கீறல். குனிந்த தலையை எப்படி நிமிர்த்துவது என்றே அவருக்குத் தெரியவில்லை. அபூர்வம் என்றால், எங்கே பார்த்தாய் என்ற கேள்வி வரும்.

"சாதாரணம்தாங்க. சந்தையில அள்ளி அள்ளிக் குடுப்பாங்க."

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவனும் இதையேதான் சொன்னான்."

எவன் என்று நாதிம் கேட்கவில்லை. கேட்காததே தப்போ என்று அப்புறம் உறைத்தது.

"அப்ப நீங்களே வச்சுக்குங்க," என்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

4

ஆற்றில் வீசச் சொன்னாள் சுஆத். திரும்பி வந்து காசு எங்கே என்று கேட்டால் என்ன செய்வது என்றார் நாதிம். வீட்டிலேயே வைத்திருந்தால் கோர்கிஸின் காசோடு கையும் களவுமாக அகப்படுவார். அதிகாரி 'சொன்னான்' என்றாரே, அது எப்போது சொன்னது? நேற்றா? பிடித்துப்போன முதல் நாளா? அதன் பிறகும் ஆள் இருக்கிறாரா?

அதை அறிய அவரைவிடப் பாத்தியப்பட்ட ஒருத்தி இருந்தாள், கோர்கிஸின் மனைவி ஷமீராம். சுஆத் சட்டையைப் பிடித்து இழுத்தும் நாதிம் கிளம்பிவிட்டார்.

5

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அவர் ஷமீராமிடம் காசைக் கொடுக்கிறார். அவள் அதைக் கன்னத்தில் வைத்துக்கொள்கிறாள். இன்னொன்றில் சும்மா நலம் விசாரித்துவிட்டுத் திரும்புகிறார், அவள் இன்னும் கொஞ்ச நாள் நம்பிக்கையோடு சமைக்கிறாள். இரண்டிலும் தெருமுனையில் ஒரு கார் நிற்கிறது. அதை எடுத்துவிடப் பார்த்தேன், அது போக மறுக்—

அந்த வீட்டில் என்ன நடந்தது என்று சுஆத் எனக்குச் சொல்லவில்லை. நாதிம் அவளிடம் சொன்னாரா என்றும் தெரியாது. நானாக ஒன்றை எழுதத் துணிச்சல் இல்லை. அதனால் காசை உங்கள் கையில் வைக்கிறேன். தட்டியாகிவிட்டது. ஷமீராம் கதவைத் திறந்து, முகத்தைக்கூடப் பார்க்காமல், உங்கள் மூடிய கையைப் பார்க்கிறாள்.